கோப்புப் பூட்டின் பாஷை

ஒரே கணக்குக் கோப்பை இரண்டு கம்ப்யூட்டர்கள் ஏககாலத்தில் திருத்தப் புகுந்தால், பிந்தி எழுதியது முந்தி எழுதியதை அழித்துவிடும். ஆதலின், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் 1984-இல் உருவாக்கிய என்.எஃப்.எஸ். என்னும் கோப்புப் பகிர்வு முறைக்குத் துணையாக, ஒரு கோப்பின் இன்ன பைட்டிலிருந்து இத்தனை பைட்டுகளைத் தனக்கென்று கேட்டுப் பெறவும் பின்னர் விடுவிக்கவும் வகைசெய்யும் பூட்டு ஏற்பாடு ஒன்றும் உண்டாயிற்று. லினக்ஸில் அக்காரியத்தைச் செய்வது 'லாக்டி' என்னும் பகுதி.

கேட்கும் இயந்திரமும் கொடுக்கும் இயந்திரமும் எண்களைத் தம்முள் வைத்துக்கொள்ளும் முறையிலேயே வேறுபடலாம். ஆகவே இரண்டுக்கும் பொதுவாக எக்ஸ்.டி.ஆர். என்னும் பாஷை வகுக்கப்பட்டு, 1987-இல் ஆவணமாக வெளிவந்தது. பூட்டுக் கேட்கும் கம்ப்யூட்டரின் பெயர் ஐந்து ஆங்கில எழுத்துக்களால் ஆனது என்று வைத்துக்கொள்வோம். முதலில் 5 என்னும் நீளம் 4 பைட்டுகளில் வரும். அடுத்துப் பெயருக்குரிய 5 பைட்டுகள். எதுவும் நான்கின் மடங்காக முடியவேண்டும் என்பது நியமமாதலால், இறுதியில் 3 பூஜ்ய பைட்டுகள். ஆக மொத்தம் 12.

இவ்வாறு வரும் செய்தியைப் பிரித்துப் படிக்கும் நிரல்களை நெடுங்காலம் கையாலேயே எழுதிவந்தார்கள். நீளம் என்று வந்த எண்ணை நம்பிவிட்டு, அவ்வளவு பைட்டுகள் மெய்யாகவே வந்திருக்கின்றனவா என்று ஓரிடத்தில் பார்க்கத் தவறினாலும், எவரோ அனுப்பிய பொய் எண் ஒன்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் நினைவகத்தையே நிலைகுலைத்துவிடக்கூடும். எழுதியவரின் திறமைக்குறைவு என்று இதைச் சொல்லமாட்டேன். ஒரே பரிசோதனையை நூறு இடங்களில் எழுதும் கை ஓரிடத்தில் சோர்வது மனித சுபாவம்.

2024-இல் கெர்னலோடு சேர்ந்த, பைத்தானில் எழுதப்பட்ட 'எக்ஸ்டிஆர்ஜென்' என்னும் கருவி, எக்ஸ்.டி.ஆர். பாஷையில் உள்ள வரையறையைப் படித்து, வேண்டிய சி நிரலைத் தானே எழுதித் தருகிறது. நீளப் பரிசோதனை எங்கும் விடுபடுவதில்லை.

ஆயினும் லாக்டியில் உள்ள பழைய நிரலை அப்படியே தூக்கி எறிந்து, கருவி எழுதியதை அவ்விடத்தில் வைத்துவிட முடியாது. பூட்டின் நீளம் 0 என்று வந்தால் 'கோப்பின் இறுதிவரை' என்று பொருள். பூட்டு ஏற்பாட்டின் நான்காம் பதிப்பில் தொடக்கமும் நீளமும் 64 பிட் எண்களாகையால், கெர்னல் ஏற்கும் எல்லையைக் கடந்த எண்ணும் வரலாம். பழைய நிரல் படிக்கும்போதே இவற்றுக்கெல்லாம் அர்த்தம் செய்துவிடும். கருவி எழுதிய நிரலோ வந்த எண்ணை வந்தபடியே ஒப்படைப்பது. அர்த்தம் செய்யும் பொறுப்பு அடுத்த கட்டத்துக்குப் போகிறது. படிப்பதும் பொருள் கொள்வதும் இங்ஙனம் பிரிந்து நிற்பதையே இம்மாற்றத்தின் பெரும் லாபமாக நான் கருதுகிறேன். ஆனால் அவசரம் கூடாது. பூட்டுவது, விடுவிப்பது என ஒவ்வொரு கட்டளையாக மாற்றி, நீளம் 0 என்று கேட்கும் பழைய இயந்திரத்துக்குக் கோப்பின் கடைசி பைட்வரை பூட்டு இன்னும் கிடைக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.