நெற்பூவுக்குக் கட்டளையிடுவது யார்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சேரப்பணஞ்சேரி வட்டாரத்தில் இரண்டு வகை உற்பத்தியை அருகருகே காணலாம். ஒன்று மோட்டார் வாகனத் தொழிற்சாலை; மற்றொன்று நெல் வயல். தொழிற்சாலையில் எஃகுத் தகட்டை ஓர் அச்சில் வைத்து அழுத்தினால் கதவு கிடைக்கிறது; வேறோர் அச்சில் வைத்தால் கூரை கிடைக்கிறது. எந்தத் தகடு எதுவாக வேண்டும் என்பதற்குக் கட்டளை உண்டு.

வயலிலும் இத்தகைய வேலை ஓசையின்றி நடைபெறுகிறது. நெற்பயிரின் தண்டு நுனியில் உள்ள செல்கள் தொடக்கத்தில் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றில் சில உமியாகின்றன, சில மகரந்தத்தாளாகின்றன, சில சூலகமாகின்றன. இங்கே கட்டளையிடுவது யார்?

நெல்லுக்கும் பூவா?

நெல்லுக்குப் பூ உண்டா என்று சிலர் வியக்கலாம். கதிர் வெளிவந்தபின் ஒரு நாள் காலையில் வயலுக்குச் சென்று உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு நெல்மணியும் முதலில் ஒரு பூவே. அதற்கு வண்ண இதழ்கள் இல்லை. வெளியே லெம்மா, பேலியா என்னும் இரண்டு மூடிகள் உள்ளன. நாம் உமி என்று நீக்குவது இவற்றைத்தான். உள்ளே லாடிக்யூல் என்னும் இரண்டு சிறு செதில்கள், ஆறு மகரந்தத்தாள்கள், நடுவே ஒரு சூலகம். லாடிக்யூல்கள் நீரேறிப் பருத்ததும் உமி பிளந்து பூ திறக்கிறது. சிறிது நேரத்தில் மூடிக்கொள்கிறது. கருவுற்ற சூலகம் பால் பிடித்து முற்றினால் அரிசி, இல்லையேல் பதர்.

செம்பருத்தி தரும் தடயம்

கேள்விக்கு விடை தேட, வீட்டுத் தோட்டத்துச் செம்பருத்தியிடம் செல்வோம். சாதாரணச் செம்பருத்தியில் ஐந்து அல்லி இதழ்கள் உள்ளன. நடுவே நீளும் குழலில் மகரந்தத்தாள்கள் நிறைந்திருக்கும். அடுக்குச் செம்பருத்தியிலோ எண்ணற்ற இதழ்கள்! அதை மெல்லப் பிரித்துப் பாருங்கள். உள்ளே சில சிறு இதழ்களின் ஓரத்தில் மகரந்தப்பை ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். மகரந்தத்தாளாக வேண்டிய உறுப்பு பாதி வழியில் இதழாக மாறிவிட்டது!

பூவின் உறுப்புகள் யாவும் இலையின் மாற்றுருவங்களே என்று ஜெர்மன் கவிஞர் கதே 1790-லேயே எழுதினார். அந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது என்பது விளங்க இரு நூற்றாண்டுகள் ஆயின. என்ரிக்கோ கோன், எலியட் மெயரோவிட்ஸ் என்னும் இரு விஞ்ஞானிகள் 1991-ல் ஒரு விதியை வெளியிட்டனர். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியிலும், ஸ்னாப்டிராகன் என்னும் தோட்டச் செடியிலும் உருமாறிய பூக்களை ஆராய்ந்து கண்ட விதி அது. பூவின் ஜீன்களை அவர்கள் ஏ, பி, சி என மூன்று வகையாகப் பிரித்தனர். ஏ மட்டும் வேலை செய்தால் புல்லி இதழ். ஏ-யும் பி-யும் சேர்ந்தால் அல்லி இதழ். பி-யும் சி-யும் சேர்ந்தால் மகரந்தத்தாள். சி மட்டும் என்றால் சூலகம். சி கெட்டுப்போனால் ஏ அதன் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அப்போது இதழுக்குள் இதழாக அடுக்குப் பூ தோன்றும், விதை இராது.

பத்தெழுத்துச் சொல்

இந்த ஜீன்கள் எப்படி ஆணையிடுகின்றன? இலைச் செல்லிலும் பூச் செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. புத்தகந்தான். அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு எழுத்துகளால் அது எழுதப்பட்டிருக்கிறது. எந்தச் செல் எந்தப் பக்கத்தைப் படிப்பது என்பதில்தான் வேறுபாடு. பக்கத்தைத் திறந்தும் மூடியும் வைக்கும் புரதங்களுக்குப் படியெடுப்புக் காரணிகள் என்று பெயர். பூவின் ஆணைப் புரதங்களில் பெரும்பாலானவை இவற்றில் 'மேட்ஸ்' என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தின் உறவினர் ஈஸ்ட்டிலும் மனிதரிலும்கூட உண்டு.

மேட்ஸ் புரதம் தேடுவது பத்து எழுத்துகள் கொண்ட ஒரு சொல்லை. முதலில் இரண்டு சைட்டோசின். நடுவில் அடினின் அல்லது தைமின் ஆறு. இறுதியில் இரண்டு குவானின். புரதங்கள் இரண்டிரண்டாக இணைந்து, முறுக்கிய டி.என்.ஏ.யின் பள்ளத்தில் பொருந்தி அமர்கின்றன. அதைச் சற்று வளைக்கவும் செய்கின்றன. அதன் பின்னரே அடுத்துள்ள ஜீன் படியெடுக்கப்படுவதோ நிறுத்தப்படுவதோ நிகழ்கிறது.

இங்கே ஒரு கணக்குப் போடுவோமா? நான்கு எழுத்துகளும் சம அளவில் கலந்துள்ளன என்று கொள்வோம். குறிப்பிட்ட எழுத்தே வரவேண்டிய இடங்கள் நான்கு: 4×4×4×4 = 256. இரண்டில் ஒன்று வரலாம் என்னும் இடங்கள் ஆறு: 2×2×2×2×2×2 = 64. இரண்டையும் பெருக்கினால் 16,384. அதாவது அத்தனை எழுத்துக்கு ஒருமுறை இச்சொல் தற்செயலாகவே வந்துவிடும். நெல்லின் டி.என்.ஏ.யில் ஏறத்தாழ 39 கோடி எழுத்து இணைகள் உள்ளன. ஆகவே சுமார் 24,000 இடங்களில் இச்சொல் இருக்கக்கூடும்! அப்படியானால் சரியான இடத்தைப் புரதம் எப்படி அறியும்?

ஒரு விடையை ஜெர்மன் அறிஞர்கள் தைசன், சேட்லர் இருவரும் 2001-ல் முன்வைத்தனர். இரண்டு ஜோடிப் புரதங்கள் நால்வராகக் கைகோக்கின்றன. அருகருகே உள்ள இரண்டு பத்தெழுத்துச் சொற்களைப் பற்றிக்கொண்டு, இடையிலுள்ள டி.என்.ஏ.யை வளையமாக்குகின்றன. இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும் வங்கிப் பெட்டகம் போன்றது இது. நால்வர் யார் யார் என்பதைப் பொறுத்தே இதழோ மகரந்தத்தாளோ உருவாகிறது.

பெங்களூரில் நெல் ஆராய்ச்சி

நெல்லில் மேட்ஸ் குடும்ப ஜீன்கள் 75 உள்ளன என்று டெல்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல் கணக்கிட்டனர். அவற்றுள் ஒன்றான 'ஓஎஸ்மேட்ஸ் 1' என்னும் ஜீனைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியை உஷா விஜயராகவன் தம் குழுவினருடன் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். ஜீனிலிருந்து எடுத்த படி புரதமாவதற்கு முன்பே அதை அழித்துவிடும் முறையால், இந்தப் புரதத்தின் அளவைக் குறைத்தனர். 2005-ல் முடிவு வெளிவந்தது. உமிக்குரிய திசுக்கள் சரியாக உருவாகவில்லை, உமி இலைச் சாயல் பெற்றது, உள்ளுறுப்புகளும் உருக்குலைந்தன. பல ஜீன்களில் ஒன்று குறைந்ததற்கே இந்த விளைவு!

2016-ல் இக்குழுவினர், இப்புரதம் நெல்லின் டி.என்.ஏ. முழுவதிலும் எங்கெங்கே அமர்கிறது என்ற வரைபடத்தையே வெளியிட்டனர். புரதம் பற்றியிருக்கும் டி.என்.ஏ. துண்டுகளை மட்டும் பிரித்தெடுத்து எழுத்தெழுத்தாகப் படிப்பதே இதற்குரிய முறை. மேட்ஸ் 1 நேரடியாகப் பூவைச் செதுக்குவதில்லை. மற்ற ஆணைப் புரதங்களின் ஜீன்களையும், ஹார்மோன்கள் தொடர்பான ஜீன்களையும் அது இயக்குகிறது. மேற்பார்வையாளர்களுக்கும் மேலே ஒரு மேற்பார்வையாளர்!

மாணவர்களே, அடுக்குச் செம்பருத்தி கண்ணுக்கு அழகு. ஆனால் நெல்லில் மகரந்தத்தாளோ சூலகமோ உருமாறினால் நமக்குக் கிடைப்பது அழகன்று, பதர். நம் இலையில் சோறு விழுவதற்கு, பத்தெழுத்துச் சொல் ஒன்றைச் சில புரதங்கள் பிழையின்றிப் படிக்க வேண்டியிருக்கிறது. அடுத்த முறை ஒரு நெல்மணியை உரிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்: சாதாரணச் செம்பருத்தி ஒன்றும் அடுக்குச் செம்பருத்தி ஒன்றும் பறித்து வாருங்கள். இரண்டிலும் இதழ்களையும் மகரந்தப்பைகளையும் எண்ணி அட்டவணை இடுங்கள். இதழ் பெருகும் பூவில் மகரந்தப்பை என்னவாகிறது? இடைப்பட்ட உருவங்கள் எத்தனை? படம் வரைந்து வகுப்பில் காட்டுங்கள்.