கடினம் மட்டும் போதுமா?

துணி தைக்கும் ஊசியைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் பேருந்தின் அச்சுத் தண்டும், ஆகாய விமானம் தரையிறங்கும்போது அதைத் தாங்கும் சக்கரக் கால்களும் எவ்வாறு உறுதி பெறுகின்றன என்பதை அச்சிறு ஊசியைக் கொண்டே அறிந்துகொள்ளலாம். இதனை எங்கள் அறிவியல் ஆசிரியையின் மேற்பார்வையில், மூன்று ஊசிகளை வைத்து நாங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தோம்.

முதல் ஊசியை இடுக்கியால் பிடித்து, செக்கச் செவேலென்று ஆகும்வரை சுடரில் காட்டி, பின்னர் மெல்ல மெல்ல ஆறவிட்டோம். அது மெல்லிய கம்பிபோல் வளைந்தது. வளைந்தது வளைந்தபடியே நின்றுவிட்டது. இரண்டாவது ஊசியையும் அவ்வாறே சிவக்கக் காய்ச்சி, உடனே குளிர்ந்த நீரில் போட்டோம். எடுத்து வளைக்க முயன்றபோது படக்கென்று ஒடிந்தது. மூன்றாவதையும் காய்ச்சி நீரில் தோய்த்தோம். ஆனால் உடனே வளைக்கவில்லை. உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துப் பளபளப்பாக்கி, சுடருக்குச் சற்று மேலே பிடித்து மறுபடியும் மிதமாகச் சூடு காட்டினோம். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, அதன்பின் நீலம் என்று நிறம் மாறியது. நீலம் கண்டதும் எடுத்துவிட்டோம். இந்த ஊசியைச் சற்று வளைத்தால் வளைந்தது, விட்டால் நிமிர்ந்தது!

மூன்றும் ஒரே உறையிலிருந்து எடுத்த ஊசிகள். ஒன்று வளைந்தது, ஒன்று ஒடிந்தது, ஒன்று தாங்கியது. காரணம் என்ன?

எஃகு என்பது இரும்புடன் சிறிதளவு கார்பன் சேர்ந்த பொருள். அது நன்கு சிவந்து காயும்போது இரும்பு அணுக்களின் அடுக்கு மாறுகிறது. கார்பன் அணுக்கள் அவற்றினிடையே புகுந்து கொள்கின்றன. மெல்ல ஆறவிட்டால் கார்பன் மீண்டும் வெளியேறிவிடும். திடீரென்று குளிரச் செய்தாலோ, வெளியேற நேரமின்றி உள்ளேயே அகப்பட்டு, அணுக்களின் அடுக்கைத் திரித்து இறுக்கிவிடும். இந்நிலையில் உள்ள எஃகிற்கு, ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் மார்ட்டன்ஸ் அவர்களின் நினைவாக மார்ட்டன்சைட் என்று பெயரிட்டுள்ளனர். அது மிகவும் கடினமானது. ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கக்கூடியது. அதை மறுபடி அளவோடு சூடாக்கினால், சிக்கிய கார்பன் நுண்ணிய துகள்களாகப் பிரிந்து, உள்ளிறுக்கம் தளர்கிறது. கடினம் சற்றுக் குறைகிறது. முறியாமல் தாங்கும் ஆற்றல் பெருகுகிறது. முதற்செயலைத் தோய்த்தல் என்றும், அடுத்ததைப் பதப்படுத்தல் என்றும் கூறலாம். நம் ஊர்க் கொல்லர்கள் உளிக்கும் அரிவாளுக்கும் தோய்ச்சல் கொடுத்து, நிறம் பார்த்துப் பதம் செய்வதும் இதுவேயாகும்.

ஊசி மெல்லியது, நீரில் போட்டவுடன் முழுதும் குளிர்ந்துவிடும். ஆனால் கைப்பருமனுள்ள ஓர் அச்சுத் தண்டைத் தோய்த்தால், மேற்பரப்பு விரைவில் குளிரும். நடுப்பகுதியோ மெதுவாகவே குளிரும். ஆகவே மேலே மட்டும் கடினமாகி, உள்ளே மென்மையாகவே நின்றுவிடும். இன்னும் வேகமாகக் குளிர்த்தலாம் என்றால், தண்டு கோணிவிடும் அல்லது வெடித்துவிடும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கவே குரோமியம், நிக்கல், மாலிப்டினம் போன்ற உலோகங்களைச் சேர்க்கின்றனர். இவை கார்பன் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றன. அதனால் நீருக்குப் பதிலாக எண்ணெயில் நிதானமாகக் குளிர்த்தாலும், பருமனான தண்டின் உட்பகுதிவரை கடினம் சென்று சேர்கிறது. எடுத்துக்காட்டாக, தொழிற்சாலைகளில் பெரிதும் பயன்படும் ஒரு கலப்பு எஃகில் கார்பன் ஏறத்தாழ 0.4 சதவீதமும், குரோமியம் 1 சதவீதமும், மாலிப்டினம் 0.2 சதவீதமும் உள்ளன. இதனைச் சுமார் 850 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, பின்னர் தேவைக்கேற்ப 550 முதல் 650 டிகிரி வரை சூடாக்கிப் பதப்படுத்துவர். நூற்றுக்கு ஒரு பங்கே சேர்ந்த பொருள் எவ்வளவு பெரிய மாறுதலைச் செய்கிறது பாருங்கள்!

இத்தகைய எஃகு இன்றேல் இன்றைய தொழில்கள் இல்லை என்று கூறினால் மிகையாகாது. 1908-ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி கார், எடை குறைந்தும் உறுதி மிகுந்தும் இருந்ததற்கு, அதில் பயன்படுத்திய வனேடியம் கலந்த எஃகு ஒரு முக்கியக் காரணம். இன்று எஞ்சினின் கிராங்க் தண்டு, பற்சக்கரங்கள், எண்ணெய்க் கிணறு தோண்டும் கருவிகள், விமானத்தின் சக்கரக் கால்கள் முதலியன இவ்வகை எஃகினால் ஆனவை. சில போல்ட்டுகளின் தலையில் 10.9 என்று பொறித்திருப்பதை நாம் காணலாம். அவை தோய்த்துப் பதப்படுத்தியவை. அவற்றின் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பு, முறிவதற்கு முன் சுமார் 100 கிலோகிராம் எடையைத் தாங்கும்.

அப்படியானால், இன்னும் கடினமாகச் செய்தால் இன்னும் நல்லதல்லவா என்று நாம் கேட்கலாம். இதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த ஒரு நிகழ்ச்சி விடை கூறுகிறது. சான் பிரான்சிஸ்கோவையும் ஓக்லாந்தையும் இணைக்கும் விரிகுடாப் பாலத்தின் கிழக்குப் பகுதியைப் புதிதாகக் கட்டினர். நிலநடுக்கத்தில் பாலம் அசையாதிருக்க, 96 பெரிய எஃகுத் தண்டுகளை 2008-ஆம் ஆண்டில் ஒரு தூணில் பதித்தனர். அவை குரோமியம் மாலிப்டினம் எஃகினால் ஆகி, துத்தநாகப் பூச்சும் பெற்றவை. ஆனால் அவற்றின் மேற்பரப்பை ஒட்டிய பகுதி அளவுக்கு மீறிய கடினத்துடன் இருந்தது. குழிகளில் நீரும் தேங்கிக் கிடந்தது. 2013 மார்ச்சில் அவற்றை முறுக்கி இறுக்கியபோது, சில நாட்களிலேயே 32 தண்டுகள் முறிந்தன! மிகக் கடினமான எஃகு இழுவிசையில் இருக்கும்போது, நுண்ணிய ஹைட்ரஜன் அணுக்கள் அதனுள் புகுந்தால் பிளவு தோன்றிவிடும். இதுவே காரணம் என ஆய்வாளர் கண்டனர். பாலத்தை மக்களுக்குத் திறக்குமுன்பே இது நிகழ்ந்ததால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. மாற்று ஏற்பாடுகள் செய்து, அவ்வாண்டு செப்டம்பரில் பாலத்தைத் திறந்தனர்.

ஆகவே கடினம் வேறு, உறுதி வேறு என்பதை நாம் மறக்கலாகாது. எஃகிற்கு நெருப்பும் வேண்டும், திடீர்க் குளிர்ச்சியும் வேண்டும். அதற்குப்பின் பொறுமையோடு பதப்படுத்தலும் வேண்டும். கடைசிப் படியைத் தவிர்த்தாலோ, அதில் அளவு தவறினாலோ, முன்செய்த உழைப்பெல்லாம் வீணாகும். நாம் ஏறும் பேருந்தின் அச்சு முறியாதிருப்பது, எங்கோ ஓர் உலைக்கூடத்தில் ஒருவர் வெப்பமானியை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றதன் பயனே.

அந்த மூன்று ஊசிகளையும் ஓர் அட்டையில் வரிசையாகக் கோத்து, ஆய்வுக்கூடச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறோம். அடுத்த ஆண்டு வரும் தங்கைகளும் பெற்றோரும் அவற்றைப் பார்த்துச் செல்ல வேண்டுகிறோம். ஆனால் சோதனையை வீட்டில் தனியே செய்ய வேண்டாம். பெரியோர் ஒருவர் அருகில் இருக்கட்டும்.