ரெயில்ஸ் கட்டமைப்பில் மாதிரி உறவுகளும் பெயரிடல் மரபும்

மாதிரி உறவு என்பது தரவுத்தள அட்டவணைகளுக்கு இடையே உள்ள தொடர்பை நிரலில் அறிவிக்கும் முறையாகும். டேவிட் ஹைனமெயர் ஹான்சன் 2004இல் வெளியிட்ட ரூபி ஆன் ரெயில்ஸ் என்னும் வலைக் கட்டமைப்பு, இத்தொடர்புகளைப் பெரும்பாலும் பெயரைக் கொண்டே கண்டறிகிறது. மரபுப்படி பெயரிட்டால் தனியே எதையும் அமைக்க வேண்டியதில்லை. ஓர் எழுத்து பிசகினால் உறவு அறுந்துவிடும். புதுச்சேரியின் பாகூர் கொம்யூனுக்கு நிலப் பதிவுச் செயலி ஒன்று எழுதுவதாகக் கொண்டு இதைப் புரிந்துகொள்ளலாம். நிரலில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும். இங்கு அவற்றின் ஒலிப்பு தரப்படுகிறது.

பெயரிடல் மரபு

மாதிரியின் பெயர் ஒருமையில், பெரிய எழுத்தில் தொடங்கும்: 'வில்லேஜ்'. அட்டவணையின் பெயர் பன்மையில், சிறிய எழுத்தில் இருக்கும்: 'வில்லேஜஸ்'. 'பெர்சன்' என்ற மாதிரிக்கு 'பீப்பிள்' என்ற அட்டவணை அமையும். ஒவ்வொரு வரிசைக்கும் 'ஐடி' என்னும் அடையாள எண் உண்டு.

பாகூர் கொம்யூனில் கிருமாம்பாக்கம், சேலியமேடு, குருவிநத்தம் முதலிய பல ஊர்கள் உள்ளன. எனவே கொம்யூன் மாதிரியில் 'ஹேஸ் மெனி' (பல உடையது) என்றும், ஊர் மாதிரியில் 'பிலாங்ஸ் டு' (இதனைச் சேர்ந்தது) என்றும் எழுத வேண்டும். 'பிலாங்ஸ் டு' உள்ள பக்கத்தின் அட்டவணையில்தான் 'கொம்யூன்' என்பதோடு அடிக்கோடும் 'ஐடி'யும் சேர்ந்த நெடுவரிசை இருக்கும். இதுவே அயல் திறவுகோல்.

பொதுவான பிழைகள்

1. நெடுவரிசை இல்லை என்ற செய்தி: அயல் திறவுகோல் சேர்க்கப்படவில்லை, அல்லது எதிர்ப்பக்க அட்டவணையில் சேர்க்கப்பட்டுள்ளது.

2. வகுப்பு இல்லை என்ற செய்தி: 'பிலாங்ஸ் டு' அருகே பன்மைப் பெயர் எழுதப்பட்டிருக்கலாம். அங்கு ஒருமையே வர வேண்டும்.

3. செயல்முறை இல்லை என்ற செய்தி: 'ஹேஸ் மெனி' அருகே ஒருமைப் பெயர் எழுதிவிட்டுப் பன்மையில் அழைத்திருக்கலாம்.

4. பதிவு சேமிக்கப்படவில்லை: 2016இல் வந்த 5ஆம் பதிப்பு முதல், புதிய செயலிகளில் 'பிலாங்ஸ் டு' உறவு கட்டாயமானது. ஊர் குறிப்பிடாத பட்டாவை அது ஏற்காது.

'பட்டா' தரும் சிக்கல்

தமிழ்ச் சொற்களை மாதிரிப் பெயராக வைக்கும்போது எதிர்பாராத பிழை எழும். ரெயில்ஸின் ஒருமை பன்மை விதிகள் ஆங்கிலத்துக்கானவை. 'டேட்டா' என்பது 'டேட்டம்' என்பதன் பன்மை. ஆங்கிலத்தில் எழுதும்போது 'பட்டா'வும் அதே இரண்டு எழுத்துகளில் முடிவதால், அதையும் பன்மை எனக் கொண்டு 'பட்டம்' என்ற வகுப்பைத் தேடுகிறது. மாதிரியை உருவாக்கும் கட்டளையும் ஓர் எச்சரிக்கையுடன் பெயரை அவ்வாறே மாற்றிவிடும். எச்சரிக்கையைப் படிக்காதவர் அட்டவணையைத் தேடி அலைய நேரும்.

இதற்குத் தீர்வு எளிது. விதிவிலக்குச் சொற்களுக்கான 'இன்ஃப்ளெக்ஷன்ஸ்' கோப்பில் 'பட்டா'வின் பன்மை 'பட்டாஸ்' என்று பதிந்து, வழங்கியை மீண்டும் தொடங்க வேண்டும். அட்டவணைகளை உருவாக்கும் முன்பே இதைச் செய்வது நல்லது.

கூட்டுப் பட்டா

ஒரு பட்டாவில் பலர் பெயர் இருக்கலாம். ஒருவருக்குப் பல பட்டாக்களும் இருக்கலாம். இத்தகைய பலவற்றுக்குப் பல உறவுக்கு இடையில் ஓர் அட்டவணை தேவை. வெறும் இணைப்பு மட்டும் போதுமானால், அதன் பெயரில் இரு அட்டவணைகளின் பெயர்களும் ஆங்கில அகரவரிசையில் வர வேண்டும். ஒவ்வொருவரின் பங்கையும் குறிக்க வேண்டியிருப்பதால் 'உரிமை' என்ற தனி மாதிரி அமைத்து, 'த்ரூ' (வழியாக) என்ற குறிப்புடன் இணைப்பதே பொருத்தம்.

எண்ணால் இணைத்தல்

ஊர்ப் பெயரைக் கொண்டு அட்டவணைகளை இணைக்கக் கூடாது. பாகூரை ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் எழுதுகின்றனர். பாண்டிச்சேரி என்ற பெயரே 2006இல் புதுச்சேரி என மாறியது. பெயரால் இணைத்திருந்தால், எழுத்து மாறிய அன்றே ஒருவரின் நிலம் அவர் ஊர்ப் பட்டியலிலிருந்து விடுபட்டுவிடும். அடையாள எண்ணால் இணைத்தால், பெயரை ஓரிடத்தில் திருத்தினால் போதும்.