ரவுண்டானா தரும் அச்சம்

சாலைச் சந்திப்பில் ரவுண்டானா அமைக்கப்போவதாக அறிவித்தால் முதலில் எழுவது எதிர்ப்புக் குரல்தான். ஒரு காலத்தில் நானும் எதிர்த்தவன். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள கார்மெல் நகருக்கு, மகன் வீட்டுக்குச் சென்றபோதுதான் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. 1996 முதல் 2023 வரை அந்நகரின் மேயராக இருந்த ஜிம் பிரைனார்டின் காலத்தில் அங்கே சிக்னல்களை நீக்கி, 150-க்கும் அதிகமான ரவுண்டானாக்கள் அமைக்கப்பட்டன. முதல் சில நாள்கள் மகனருகே காரில் அமர்ந்து, ஒவ்வொரு வட்டத்திலும் இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டிருந்தேன்.

அந்த அச்சத்தின் காரணம் பிறகுதான் விளங்கிற்று. சிக்னலில் முடிவை விளக்கு எடுத்துவிடுகிறது. ரவுண்டானாவிலோ நாமே வேகத்தைக் குறைத்து, இடைவெளி பார்த்து நுழைய வேண்டும். பொறுப்பு நம் தலையில் விழுவதையே மனம் ஆபத்தென்று கொள்கிறது. பச்சை விளக்கை நம்பி விரைபவர் மீது, சிவப்பை மதிக்காத ஒருவர் முழு வேகத்தில் பக்கவாட்டில் மோதக்கூடும் என்பது நினைவுக்கு வருவதில்லை. ரவுண்டானாவில் எல்லா வண்டிகளும் ஒரே திசையில், வளைந்து, மெதுவாகச் செல்கின்றன. நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்திப்பில் வண்டிகள் மோதக்கூடிய புள்ளிகள் 32. ஒருதட ரவுண்டானாவில் 8. மோதினாலும் பெரும்பாலும் சாய்வான உரசல்தான்.

அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் நிதியில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு, ரவுண்டானாவாக மாற்றப்பட்ட சந்திப்புகளை ஆராய்ந்தது. காயம் விளைவிக்கும் விபத்துகள் சுமார் 76 சதவீதம் குறைந்திருந்தன. கான்சஸ், மேரிலாந்து, நெவாடா மாநிலங்களில் அது வாகன ஓட்டிகளிடம் கருத்தும் கேட்டது. ரவுண்டானா கட்டுமுன் ஆதரித்தவர்கள் 31 சதவீதம். கட்டிய சில காலத்திலேயே 63 சதவீதம். பழகியதும் எதிர்ப்பு கரைந்துவிட்டது.

பழைய கசப்பும் ஒரு காரணம். முற்காலப் பெருவட்டங்கள் பலவற்றில் உள்ளே நுழைபவருக்கே முன்னுரிமை இருந்ததால் அவை அடைபட்டு நின்றன. வட்டத்துக்குள் இருப்பவருக்கு வழிவிட வேண்டும் என்ற விதியைப் பிரிட்டன் 1966-இல் கொண்டுவந்த பிறகே இன்றைய ரவுண்டானா பிறந்தது.

பார்வையற்றோரின் தயக்கம் மட்டும் வேறு வகை. சிக்னலில் வண்டிகள் நிற்பதைக் காதால் அறியலாம். ரவுண்டானாவில் ஓசை ஓய்வதே இல்லை. இருதட ரவுண்டானாக்களில் பாதசாரிகளுக்கென்று தனி விளக்கு வேண்டும் என்று அவர்கள் கேட்பதை, பழகினால் சரியாகிவிடும் என்று தள்ள முடியாது.