பின்தங்கி நிற்கும் ஹைட்ரஜன்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் கல்பாக்கத்தில் இறங்குவதில்லை. பாதுகாப்புக் கெடுபிடி, இறங்கினாலும் பார்க்க விடமாட்டார்கள்.

அங்கே முதல் அணுமின் உலை 1983 ஜூலையில் உயிர்பெற்றது. அதன் வயிற்றில் ஓடுவது கன நீர். ஹைட்ரஜனின் இடத்தில் அதன் எடை கூடிய பங்காளியான டியூட்டீரியம் உட்கார்ந்திருக்கும் தண்ணீர். நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும், ஆனால் அவற்றை அவ்வளவாக விழுங்காது. உலைக்கு எதிரே அலையடிக்கும் கடலிலும் டியூட்டீரியம் உண்டு. சுமார் 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று. அதைப் பிரித்தெடுப்பதுதான் பாடு.

பஞ்சாபின் நங்கலில் 1962இல் தொடங்கிய இந்தியாவின் முதல் கன நீர் ஆலை, பக்ரா அணை மின்சாரத்தைக் கொண்டு முதல் கட்டப் பிரிப்பைச் செய்தது. தண்ணீரில் உலோகத் தகடுகளை நிறுத்தி மின்சாரம் பாய்ச்சினால், எதிர்மின்வாயில் குமிழ் கிளம்பும். குமிழில் போவது பெரும்பாலும் சாதா ஹைட்ரஜன். மிஞ்சும் நீரில் டியூட்டீரியத்தின் பங்கு மெல்ல ஏறும்.

இரண்டுக்கும் மின்னூட்டம் ஒன்றே. மின்புலம் இரண்டையும் ஒரே பலத்தோடுதான் இழுக்கிறது. பிறகு ஏன் ஒன்று முந்துகிறது? எவ்வளவு குளிரிலும் அணுக்கள் நடுங்கிக்கொண்டே இருக்கும். எடை குறைந்தது அதிகம் நடுங்கும். அந்த நடுக்கத்தின் ஆற்றலை உயரமாக நினைத்துக்கொண்டால், ஒரே படிக்கிணற்றில் சாதா ஹைட்ரஜன் இரண்டு படி மேலே நிற்கிறது, டியூட்டீரியம் கீழே. மேலே நிற்பவன் முதலில் வெளியேறுவதில் வியப்பில்லை. அந்தச் சின்ன உயர வித்தியாசம், உலோகப் பரப்பில் பல மடங்கு வேக வித்தியாசமாகிவிடுகிறது. எத்தனை மடங்கு என்பது உலோகத்தைப் பொறுத்தது: ஹைட்ரஜனை இரும்பு பிடித்துக்கொள்ளும் இறுக்கம் வேறு, பிளாட்டினம் பிடிக்கும் இறுக்கம் வேறு.

இந்தப் பிடிமானம்தான் 1989 மார்ச்சில் உலகத்தையே ஒரு ஆட்டு ஆட்டியது. ஹைட்ரஜனைப் பஞ்சு போல உறிஞ்சும் பல்லேடியத்தைக் கன நீரில் வைத்து மின்பகுப்பு செய்தபோது அணுக்கரு இணைவு நடந்ததாக, ஃபிளைஷ்மன், பான்ஸ் இருவரும் அமெரிக்காவின் யூட்டாவில் அறிவித்தார்கள். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தோடு கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் அதே ஆண்டில் சோதனையில் இறங்கியது. கன நீரும் ஆளும் கைவசம் இருக்கும்போது யார்தான் சும்மா இருப்பார்கள்! சோதித்தவர்களில் பலருக்கு அது திரும்ப வாய்க்கவில்லை. இயற்பியலாளர்களில் பெரும்பாலோர் கைகழுவினார்கள்.

கல்பாக்கத்து உலையிலோ பிரிக்கும் வேலை வேறு மாதிரி. கசியும் கன நீராவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து நீர்த்துப்போகும். அதைப் பிடித்து, மறுபடி காய்ச்சி வடிக்கிறார்கள். கன நீர் கொதிப்பது 101.4 டிகிரியில், சாதா நீரைவிட ஒன்றரை டிகிரிகூடக் கூடுதல் இல்லை.