விண்கலத்தின் குரல் காக்கும் கொல்கத்தா சோதனை

கொல்கத்தா: விண்ணில் செலுத்தப்பட்ட செயற்கைக்கோளைப் பழுதுபார்க்கப் பெரும்பாலும் ஆள் அனுப்ப இயலாது. பூமியுடன் பேசும் அதன் வானொலிக் கருவி செயலிழந்தால், பல கோடி ரூபாய் செலவிட்ட திட்டம் ஊமையாகிவிடும். மின்னணுச் சில்லுகள் விண்வெளிக் கதிர்வீச்சைத் தாங்குமா எனத் தரையிலேயே சோதிக்க வகைசெய்யும் இடங்களுள் ஒன்று, கொல்கத்தா விதான்நகரில் உள்ள மாறுபடும் ஆற்றல் சைக்ளோட்ரான் மையம்.

அணுசக்தித் துறையின்கீழ் இயங்கும் இம்மையத்தின் கே-130 சைக்ளோட்ரான், 1977-ம் ஆண்டு ஜூனில் முதல் கற்றையை அளித்தது. அணுக்கரு ஆய்வுக்காக அமைக்கப்பட்ட அதே கருவியின் நைட்ரஜன், நியான், ஆர்கான் போன்ற கன அயனிக் கற்றைகள், இஸ்ரோவின் விக்ரம் செயலியைச் சோதிக்கவும் பயன்பட்டன. இத்தகைய அயனிகள் சிலிக்கானுக்குள் சிறிதளவு ஆழமே ஊடுருவும் என்பதால், சில்லின் மேலுறையை நீக்கிவிட்டுச் சோதிப்பது வழக்கம்.

முன்பெல்லாம் வானொலியின் பணியை மாற்ற மின்சுற்றையே மாற்ற வேண்டும். மென்பொருள் வானொலியிலோ தரையிலிருந்து புதிய நிரலை அனுப்பினால் போதும். 2005-ல் செவ்வாய்க்கு ஏவப்பட்ட நாசாவின் எம்ஆர்ஓ விண்கலத்தில் உள்ள எலக்ட்ரா கருவி இவ்வகையைச் சேர்ந்ததே.

வசதியோடு ஆபத்தும் வருகிறது. இவ்வகைச் சில்லுகள் பலவற்றில் மின்சுற்றின் வடிவமே நினைவகத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு துகள் தாக்கினாலும் பூஜ்யம் ஒன்றாகி, சுற்றே திரிந்துவிடக்கூடும். இதற்கு மாற்றாக ஒரே சுற்றை மூன்று படிகளாக அமைத்து, பெரும்பான்மை விடையை ஏற்கின்றனர். நினைவகத்தையும் அவ்வப்போது திருத்தி எழுதுகின்றனர். இருவர் தவறினால் பெரும்பான்மையும் தவறாகும் என்பதால் இரண்டும் தேவைப்படுகின்றன.

அலட்சியத்தின் விலையை ரஷியா அறியும். 2011 நவம்பரில் ஏவப்பட்ட போபோஸ்-கிரண்ட் விண்கலம் பூமியின் சுற்றுப்பாதையைத் தாண்டவே இல்லை. விண்வெளிக்குத் தகுதிபெறாத சில்லுகளைக் கதிர்வீச்சு பாதித்ததே காரணம் என அந்நாட்டு விசாரணைக் குழு கூறியது.

கதிர்வீச்சைத் தாங்கும் சில்லுகளை நினைத்தவுடன் வாங்கவும் முடியாது. அவை அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. 1998 பொக்ரான் சோதனைக்குப் பின் இஸ்ரோ அமைப்புகள் மீது விதிக்கப்பட்ட தடைகளில் எஞ்சியவை, 2011 ஜனவரியில்தான் நீக்கப்பட்டன.

மொஹாலியில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் உருவான 32-பிட் விக்ரம் செயலி, 2025 செப்டம்பரில் பிரதமரிடம் வழங்கப்பட்டது. ஆனால் அது ஏவுகலங்களுக்கானது. மென்பொருள் வானொலிக்கு வேண்டிய, விண்ணிலேயே மாற்றியமைக்கத்தக்க சில்லுகள் வேறு வகை. அவற்றிலும் தற்சார்பு வேண்டுமெனில், வடிவமைப்புக்கும் உற்பத்திக்கும் ஒதுக்கும் நிதியோடு, அணுக்கரு ஆய்வாளர்களும் சில்லு வடிவமைப்பாளர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டிய கற்றை நேரத்தையும் அரசு கணக்கில் கொண்டாக வேண்டும். சோதிக்கப்படாத சில்லு, சொந்தச் சில்லானாலும் விண்ணில் நம்பத்தக்கதன்று.