பெரிய டயர்களுக்கேற்ற பல்லிணை விகிதம்

பல்லிணை விகிதம் (கியர் விகிதம்) என்பது, ஓர் ஊர்தியின் சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்கு அதன் எஞ்சின் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் எண் ஆகும். பாறை, மணல், சேறு, செங்குத்தான மண்பாதை ஆகியவற்றில் ஓட்டப்படும் சிறிய நான்கு சக்கர இயக்க ஊர்திகளில், அச்சுக்கும் தரைக்கும் இடையிலான உயரத்தைக் கூட்டுவதற்காகப் பெரிய டயர்கள் பொருத்தப்படுவதுண்டு. டயர் பெரிதானால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவிசை குறையும். ஊர்தியின் மிகக் குறைந்த வேகம் கூடும். இவ்விரண்டையும் சரிசெய்வதற்காகத் தாழ்ந்த பல்லிணை விகிதம் தெரிவு செய்யப்படுகிறது.

இத்துறையில் 'தாழ்ந்த விகிதம்' என்பது எண்ணளவில் பெரிய விகிதத்தைக் குறிக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 3.7 ஐ விட 4.1 தாழ்ந்த விகிதம் ஆகும். ஏனெனில், அதே எஞ்சின் சுற்றுக்கு அது தாழ்ந்த வேகத்தையே தருகிறது.

எடுத்துக்காட்டு ஊர்தி

இக்கட்டுரையில் சுசுக்கி சாமுராய் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. எஸ்ஜே413 என்ற வடிவத்தின் அமெரிக்கப் பெயரான இது, அந்நாட்டில் 1985 முதல் 1995 வரை விற்கப்பட்டது. இதன் எஞ்சின் 1.3 லிட்டர் கொள்ளளவு கொண்டது. தரும் உச்ச முறுக்குவிசை சுமார் 100 நியூட்டன் மீட்டர். எடை ஒரு டன்னுக்கும் சற்றுக் குறைவு. சிறிய எஞ்சின் ஆதலால் டயர் மாற்றத்தின் விளைவு இதில் உடனே உணரப்படுகிறது. அமெரிக்காவில் பாறைப் பாதை ஆர்வலர்கள் இவ்வூர்தியைப் பெருமளவில் மாற்றியமைத்து ஓட்டுகின்றனர்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மாருதி ஜிப்சி இந்தியாவில் 1985 இல் 1.0 லிட்டர் எஞ்சினுடன் அறிமுகமானது. 1996 இல் 1.3 லிட்டர் எஞ்சின் பெற்றது. விகிதங்கள் நாட்டுக்கு நாடும் ஆண்டுக்கு ஆண்டும் மாறுபடும். எனவே கீழுள்ள எண்களை வேறோர் ஊர்திக்கு அப்படியே பயன்படுத்தலாகாது. அந்தந்த ஊர்தியின் கையேட்டிலிருந்தே எண்களை எடுக்க வேண்டும்.

சாமுராயில் எஞ்சினின் ஆற்றல் மூன்று இடங்களில் வேகம் குறைக்கப்பட்டுச் சக்கரத்தை அடைகிறது.

• பல்லிணைப்பெட்டி (கியர்பாக்ஸ்): முதல் பல்லிணை 3.652, நான்காம் பல்லிணை 1.000
• பகிர்வுப்பெட்டி (டிரான்ஸ்ஃபர் கேஸ்): உயர்நிலை 1.409, தாழ்நிலை 2.268
• அச்சிலுள்ள கிரௌன் வீல், பினியன் இணை: 3.727 (41 பற்களும் 11 பற்களும்)

இம்மூன்றையும் பெருக்கினால் மொத்த விகிதம் கிடைக்கும். முதல் பல்லிணையில், தாழ்நிலையில் இது 3.652 × 2.268 × 3.727 = 30.9 ஆகும். இதனை ஊர்தல் விகிதம் எனலாம். எஞ்சின் ஏறத்தாழ 31 முறை சுற்றும்போது சக்கரம் ஒரு முறை சுற்றுகிறது.

பெரிய டயரின் விளைவு

சாமுராயின் மூல டயர் 205/70 ஆர்15 அளவினது. அதன் விட்டம் சுமார் 668 மி.மீ. ஆர்வலர்கள் விரும்பிப் பொருத்தும் 31 அங்குல டயரின் விட்டம் சுமார் 787 மி.மீ. இரண்டுக்கும் உள்ள விகிதம் 1.178. அதாவது, சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஊர்தி ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுதல் தொலைவு செல்கிறது. எல்லாப் பல்லிணைகளும் ஒரே அளவில் 'நீண்டு' விடுகின்றன.

விசையில் இதன் மறுபக்கம் தெரிகிறது. முறுக்குவிசையை டயரின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பதே தரையில் செயற்படும் இழுவிசை. ஆரம் கூடுவதால் இழுவிசை 15 விழுக்காடு குறைகிறது. நிறுத்தற் கருவிக்கும் (பிரேக்) இதே இழப்பு உண்டு. முன்பு கிடைத்த நிறுத்துவிசையைப் பெற மிதியை மேலும் அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும்.

பெறும் பயன், அச்சின் அடிப்பகுதி தரையிலிருந்து சுமார் 60 மி.மீ. உயர்வது ஆகும். வில்களை உயர்த்துவதால் உடற்பகுதி மட்டுமே உயரும், அச்சு உயராது. அச்சை உயர்த்தும் வழி டயரே. எனவேதான் இத்தனை இழப்புகளுக்குப் பின்னும் பெரிய டயர் விரும்பப்படுகிறது.

இரு வேறு நோக்கங்கள்

தாழ்ந்த விகிதம் வேண்டும் என்று கூறுவோர் பெரும்பாலும் இரு வேறு தேவைகளை ஒன்றாகக் கலந்துவிடுகின்றனர்.

1. ஈடுசெய்தல்: பெரிய டயரால் இழந்ததைத் திரும்பப் பெறுதல். இது சாலைப் பயணத்தைச் சார்ந்தது. உயர்நிலை விகிதத்தில் கணக்கிடப்படுவது.
2. ஊர்தல்: மூல ஊர்தியாலும் இயலாத அளவு மெதுவாகச் செல்லுதல். இது பாறை, செங்குத்து இறக்கம் ஆகியவற்றைச் சார்ந்தது. தாழ்நிலை விகிதத்தில் கணக்கிடப்படுவது.

முதல் தேவைக்கு 10 முதல் 20 விழுக்காடு மாற்றம் போதும். இரண்டாவதற்கு விகிதம் இருமடங்கோ மும்மடங்கோ ஆக வேண்டும். ஒன்றுக்கான தீர்வு மற்றொன்றைத் தீர்க்காது.

சாலைக்கான கணக்கு

வேகம், சுற்று, டயர் ஆகியவற்றை இணைக்கும் வாய்பாடு பின்வருமாறு.

வேகம் (கி.மீ./மணி) = 0.1885 × எஞ்சின் சுற்று (நிமிடத்திற்கு) × டயர் விட்டம் (மீட்டர்) ÷ மொத்த விகிதம்

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில், உயர்நிலையில், நான்காம் பல்லிணையில் எஞ்சினின் சுற்று நிமிடத்திற்கு எவ்வளவு என்பதை இதன் வழியே காணலாம்.

• மூல டயர், மூல விகிதங்கள்: 3,340
• 31 அங்குல டயர், மூல விகிதங்கள்: 2,830
• 31 அங்குல டயர், அச்சு விகிதம் மட்டும் 4.111: 3,120
• 31 அங்குல டயர், பகிர்வுப்பெட்டி உயர்நிலை மட்டும் 1.580: 3,180
• 31 அங்குல டயர், மேற்கண்ட இரண்டும் சேர்ந்து: 3,500

இங்குள்ள 4.111, 1.580 ஆகியவை முந்தைய 1.0 லிட்டர் எஸ்ஜே410 இன் விகிதங்கள். ஒரே உற்பத்தியாளரின் பாகங்கள் என்பதால் மட்டும் அவை பொருந்திவிடும் என்று கொள்ளலாகாது. தண்டுகளின் பல்வரி எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டும்.

சுற்று குறைந்தால் எரிபொருள் மிச்சமாகும் என்று எண்ணத் தோன்றும். ஆனால், பெரிய டயரின் எடையையும் காற்றுத் தடையையும் எதிர்த்து இச்சிறிய எஞ்சின் 2,830 சுற்றில் மேடேற இயலாமல் திணறும். ஓட்டுநர் மூன்றாம் பல்லிணைக்கு இறங்குவார். ஐந்தாம் பல்லிணை பயனற்றுப் போகும். மூல ஊர்தியின் சுற்றுக்கு ஓரளவு அருகே வரும் தெரிவே சாலைக்கு ஏற்றது.

பாறைக்கான கணக்கு

தாழ்ந்த விகிதத்தால் இழுவிசை கூடுகிறது என்பது உண்மை. ஆயினும் அந்த இழுவிசை முழுவதையும் தரை ஏற்பதில்லை. ஓட்டுநருடன் ஊர்தி 1,000 கிலோகிராம் எனக் கொண்டால் அதன் எடை சுமார் 9,800 நியூட்டன். உலர்ந்த தரையில் உராய்வுக் கெழு 0.8 எனில் டயர்கள் தாங்கும் உச்ச இழுவிசை ஏறத்தாழ 7,800 நியூட்டன். 31 அங்குல டயருடன் மூல விகிதத்தில், முதல் பல்லிணையில், எஞ்சினின் உச்ச முறுக்குவிசை தரும் இழுவிசையும், உராய்வு இழப்புகளை நீக்காமல் கணக்கிட்டால், ஏறத்தாழ அதே 7,800 நியூட்டன்தான்! அதாவது, உச்ச இழுவிசைக்குக் குறைவில்லை.

குறைபாடு வேறிடத்தில் உள்ளது. எஞ்சின் தன் உச்ச முறுக்குவிசையைத் தருவது உயர்ந்த சுற்றில். பாறை மீது ஏறும்போது தேவைப்படுவது மணிக்கு 2 கி.மீ. போன்ற மிகக் குறைந்த வேகம். 31 அங்குல டயருடன் மூல விகிதத்தில் அவ்வேகத்திற்கு எஞ்சின் நிமிடத்திற்கு சுமார் 416 முறை மட்டுமே சுற்ற வேண்டும். அச்சுற்றில் எஞ்சின் நின்றுவிடும். எனவே ஓட்டுநர் கிளட்சைப் பாதி அழுத்தி வழுக்கச் செய்கிறார். அல்லது வேகம் எடுத்து மோதி ஏறுகிறார். முதலாவது கிளட்சைக் கருக்குகிறது. இரண்டாவது அச்சுத்தண்டை முறிக்கிறது. தாழ்ந்த விகிதத்தின் முதன்மைப் பயன் வலிமை அன்று. மெதுவாகச் செல்லும் திறன் ஆகும்.

31 அங்குல டயருடன், முதல் பல்லிணையில், தாழ்நிலையில், எஞ்சின் நிமிடத்திற்கு 1,000 முறை சுற்றும்போது கிடைக்கும் வேகங்கள்:

• பகிர்வுப்பெட்டி 2.268 (மூலம்): ஊர்தல் விகிதம் 30.9, மணிக்கு 4.8 கி.மீ.
• பகிர்வுப்பெட்டி 2.511 (எஸ்ஜே410): ஊர்தல் விகிதம் 34.2, மணிக்கு 4.3 கி.மீ.
• பகிர்வுப்பெட்டி 4.16: ஊர்தல் விகிதம் 56.6, மணிக்கு 2.6 கி.மீ.
• பகிர்வுப்பெட்டி 6.5: ஊர்தல் விகிதம் 88.5, மணிக்கு 1.7 கி.மீ.

இறுதி இரண்டும் இவ்வூர்திக்கெனத் தனியாக விற்கப்படும் பல்லிணைத் தொகுதிகள். ஒப்பீட்டிற்கு, 2003 இல் வந்த ஜீப் ராங்ளர் ரூபிகான் தொழிற்சாலையிலேயே 4:1 தாழ்நிலை கொண்ட பகிர்வுப்பெட்டியுடன் வெளிவந்தது.

செங்குத்தான இறக்கத்தில் இதன் அருமை மேலும் விளங்கும். தளர்ந்த சரளை மீது பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு ஊர்தி திசைமாற்றிக்குக் கட்டுப்படாமல் சறுக்கக்கூடும். தாழ்ந்த விகிதத்தில் எஞ்சினே ஊர்தியைத் தடுத்து நிறுத்துகிறது. தடுப்பு விசை இரு அச்சுகளுக்கும் பகிரப்படுகிறது. சக்கரங்கள் உருண்டுகொண்டே இருப்பதால் திசைமாற்றியும் செயற்படுகிறது.

அளவுக்கு மீறிய தாழ்வு

மிகத் தாழ்ந்த விகிதமே சிறந்தது எனக் கருதுவது தவறு. 6.5 தொகுதியுடன் தாழ்நிலையில் நான்காம் பல்லிணையின் மொத்த விகிதம் 24.2. எஞ்சின் 4,000 சுற்றில் ஓடினாலும் வேகம் மணிக்கு 25 கி.மீ. ஐத் தாண்டாது. 4.16 இல் இது 38 கி.மீ.; மூல விகிதத்தில் 70 கி.மீ. மணலிலும் ஆழமான சேற்றிலும் டயர் தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ளவும் புதையாமல் செல்லவும் சக்கரவேகம் தேவை. எனவே 6.5 பாறைக்கு உரியது; பாறை, மணல், சேறு என யாவற்றிலும் ஓடும் ஊர்திக்கு 4.16 போன்ற நடுநிலைத் தெரிவே ஏற்றது.

எந்த இடத்தில் மாற்றுவது?

அச்சில் மாற்றுதல்: முன், பின் இரு அச்சுகளையும் ஒரே விகிதத்திற்கு மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டினால் இரு அச்சுகளும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து, இயக்கத் தொடரைச் சிதைக்கும். புரொப்பல்லர் தண்டின் மீதான சுமை கூடாது என்பது இம்முறையின் நன்மை. விகிதம் தாழத் தாழப் பினியனின் பற்கள் குறைந்து (41/11, 37/9, 41/8) அது சிறிதாகி வலுவிழப்பது இதன் தீமை.

பகிர்வுப்பெட்டியில் மாற்றுதல்: பல ஊர்திகளில் பகிர்வுப்பெட்டியின் உயர்நிலை 1:1 ஆகும். அங்கு சாலை விகிதத்தைப் பகிர்வுப்பெட்டியில் மாற்ற வழியில்லை. சாமுராயில் உயர்நிலையும் பல்லிணைகள் வழியே (1.409) செல்வதால், ஒரே பெட்டியைத் திறந்து இரு நிலைகளையும் மாற்றலாம், அச்சுகளைத் தொட வேண்டியதில்லை. ஆனால் பெட்டிக்குப் பின்னுள்ள எல்லாப் பாகங்களும் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும். தாழ்நிலையில், முதல் பல்லிணையில், பெட்டியிலிருந்து வெளிவரும் உச்ச முறுக்குவிசை மூலத்தில் சுமார் 830 நியூட்டன் மீட்டர், 6.5 தொகுதியில் சுமார் 2,370.

உடையும் பாகங்கள்

திறந்த வெளியில் டயர் வழுக்குவதே அச்சுகளுக்குப் பாதுகாப்பாக அமைகிறது. டயர் இரு பாறைகளுக்கிடையே சிக்கிக்கொண்டால் அது வழுக்க இயலாது. முறுக்குவிசை முழுவதும் தண்டுகளில் ஏறும். டயர் பெரிதாக இருந்தால் அதன் பிடிப்பும் நெம்புகோல் நீளமும் கூடுதல். சாமுராயில் முன்சக்கரங்களைத் திருப்பும் இடத்திலுள்ள பிர்ஃபீல்டு இணைப்புகள், குறிப்பாகத் திசைமாற்றி முழுவதும் திருப்பப்பட்ட நிலையில், எளிதில் உடையக்கூடியவை. தாழ்ந்த விகிதம் உள்ள ஊர்தியில் வேகமுடுக்கியை மென்மையாகவே மிதிக்க வேண்டும். அவ்வாறு மிதிப்பவரிடம் தாழ்ந்த விகிதம் பாகங்களைக் காக்கிறது, மற்றவரிடம் முறிக்கிறது.

வேகமானி

சாமுராயின் வேகமானி பகிர்வுப்பெட்டியின் வெளியீட்டுப் பக்கத்திலிருந்து இயங்குகிறது. 31 அங்குல டயருடன் அது 80 எனக் காட்டும்போது உண்மை வேகம் 94 கி.மீ. ஆகும். பகிர்வுப்பெட்டியின் விகிதத்தை மாற்றினாலும் இப்பிழை நீங்காது. அச்சு விகிதத்தை மாற்றினால் ஓரளவு நீங்கும்.

தெரிவு செய்யும் முறை

1. பொருத்தப்போகும் டயரின் அளவை முதலில் முடிவு செய்க. பின்னர் டயரை மாற்றினால் கணக்கு முழுவதும் மாறும்.
2. புதிய விட்டத்தை மூல விட்டத்தால் வகுத்து, ஈடுசெய்ய வேண்டிய அளவைக் காண்க.
3. சாலை வேகத்திற்கான எஞ்சின் சுற்றைக் கணக்கிட்டு உயர்நிலை அல்லது அச்சு விகிதத்தைத் தெரிவு செய்க.
4. ஊர்தி பெரும்பாலும் ஓடும் நிலத்திற்கேற்ப ஊர்தல் விகிதத்தைத் தனியே தெரிவு செய்க.
5. அவ்விகிதம் தரும் முறுக்குவிசையைத் தண்டுகளும் இணைப்புகளும் தாங்குமா எனப் பார்க்க.
6. பிரேக்கின் நிலையைச் சரிபார்க்க. பல்லிணை மாற்றம் பிரேக்கின் இழப்பை ஈடுசெய்யாது.

டயர் பெரிதாவதால் ஊர்தியின் ஈர்ப்பு மையமும் உயர்ந்து, வளைவுகளில் கவிழும் இடர் கூடுகிறது. இந்தியாவில் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஊர்தியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது என்பதும் கருத்தில் கொள்ளத்தக்கது.